மூன்றாவது சுற்று

நெதர்லாந்தின் இந்தச் சின்ன ஊருக்கு வந்து பதினைந்து நாளாகிறது. இன்னும் எனக்குப் பழகாத ஒரு விஷயம், இங்கே பெரும்பாலான வீடுகளில் சன்னலுக்குத் திரை கிடையாது. சாயங்காலம் வாய்க்கால் ஓரமாக நடந்து போனால் வரிசையாக எல்லார் வீட்டுக் கூடமும் தெரிகிறது. ஒருவர் உருளைக்கிழங்குத் தோலைச் சீவிக்கொண்டிருக்கிறார். ஒருவர் நாயைக் கட்டிக்கொண்டு சோபாவில் படுத்திருக்கிறார். உள்ளே பார்ப்பது நாகரிகமில்லை என்று எங்களுக்கு அறை வாடகைக்கு விட்ட அம்மாள் சொன்னார். பார்க்கக் கூடாதென்றால் திரை போட வேண்டியதுதானே என்று கேட்டேன். மறைக்க ஒன்றுமில்லாதவர்கள் எதற்குத் திரை போட வேண்டும் என்று அவர் திருப்பிக் கேட்டார். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டோம், இரண்டு பேருக்கும் புரியவில்லை. கடலூர் முதுநகரில் நான் வளர்ந்த தெருவில் எல்லா வீட்டிலும் திரை உண்டு. ஆனால் எதிர் வீட்டில் மத்தியானம் என்ன குழம்பு, யாருக்கும் யாருக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்பதெல்லாம் எங்களுக்கு அத்துப்படி.

இப்படித் திறந்து கிடக்கும் ஊர்க்காரர்கள்தான் என் மகளின் விஷயத்தை மட்டும் மூடி வைக்கச் சொன்னார்கள். மகள் பெயர் கயல். கனடாவில் பிறந்தவள். நான் அங்கே பிராம்ப்டனில் நகரப் பேருந்து ஓட்டுகிறேன். ஆறு வயதில் பக்கத்துப் பூங்காவில் பந்தை உதைக்க ஆரம்பித்தவள், இன்று கால்பந்தில் இடது பக்கத் தடுப்பாட்டக்காரி. நாடு விட்டு நாடு கிளப் மாற வேண்டுமென்றால் பதினெட்டு நிறைந்திருக்க வேண்டுமாம். நிறைந்த மறு வாரமே இந்த ஊர்ப் பெண்கள் அணியிலிருந்து கேட்டு வந்தார்கள். அவளுடைய ஏஜென்ட் மார்க், "கிளப் அறிவிக்கும் வரை யாரிடமும் மூச்சு விடாதீர்கள்" என்றான். சத்தியமாகச் சொல்ல மாட்டேன் என்றேன். அன்றைக்கே சிதம்பரத்திலிருக்கும் வளர்மதி அக்காவிடம் சொல்லிவிட்டேன். அக்கா 'யாரிடமும்' என்ற கணக்கில் வருவாளா என்ன?

சொன்னதுகூடத் தப்பில்லை. சொன்ன விதம்தான் தப்பு. "பேசி முடிச்சாச்சுக்கா" என்றேன். நம் பக்கத்தில் பெரியவர்கள் உட்கார்ந்து தட்டை மாற்றிக்கொண்டால் காரியம் முடிந்தது. அதற்கப்புறம் பின்வாங்கினால் ஊரில் தலை காட்ட முடியாது. இந்தக் கிளப் உலகத்தில் பேச்சு என்பது ஆரம்பம்தான். இரண்டு கிளப்பும் ஒத்துக்கொண்ட பிறகும், கடைசியில் மெடிக்கல் என்று ஒன்று இருக்கிறது. பெண் பார்க்க வந்தவர்கள் நடக்கச் சொல்லி, பாடச் சொல்லிப் பார்ப்பதாகக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இவர்கள் எலும்பு, நரம்பு, நெஞ்சுத் துடிப்பு எல்லாவற்றையும் படமெடுத்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார்கள். அந்த டாக்டர் வேண்டாமென்று எழுதினால் அவ்வளவுதான், வேறொரு பெண்ணைக் கூப்பிடுவார்கள். இதை நான் அக்காவிடம் விளக்கவில்லை. எனக்கே அப்போது உறைக்கவில்லை.

அக்காவுக்கு ஒரு பழக்கம். அடுத்தவர்களுக்காக, அவர்களைக் கேட்காமலே, வேண்டிக்கொள்வாள். என் டிப்ளமோ பரீட்சைக்கு ஒன்று, கனடா விசாவுக்கு ஒன்று. காரியம் நடந்த பிறகுதான் நமக்கே தெரியவரும். விசாவுக்கு வேண்டிக்கொண்டதை முடிக்க விமானம் ஏறுவதற்கு முந்தின வாரம் நான் கடலூரிலிருந்து வடலூருக்கு நடந்து போனேன், பாதி வழியில் திட்டிக்கொண்டே. இந்த முறையும் அப்படித்தான். அவள் மகன் கல்யாணம் வைகாசியில் சிதம்பரத்தில். கயலைக் கூட்டிக்கொண்டு கல்யாணத்துக்குப் போய்விட்டு, சென்னையிலிருந்து நேராக நெதர்லாந்துக்கு விமானம் ஏறுவதாகத் திட்டம். மனைவி சுதாவுக்கு மருத்துவமனையில் விடுப்பு கிடைக்கவில்லை. பிராம்ப்டனில் எங்களை வழியனுப்பும்போது அவள் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "அவ காலப் பாத்துக்குங்க." நான் போய் இறங்கியதும் அக்கா சொன்னாள், "காரியம்தான் முடிஞ்சிடுச்சுல்ல, பாப்பாவுக்கு ஒரு வேண்டுதல் இருக்குடா தம்பி. வெறுங்கால்ல வெளிப் பிரகாரம் மூணு சுத்து. முடிச்சுட்டுதான் ஏரோப்ளேன் ஏறணும்."

கடலூரில் பெரியப்பா வீட்டில் தங்கியிருந்தோம். அங்கே இட்லிக்கு மேல் இட்லி போட்டு, கிளம்பவே பத்து மணியாகிவிட்டது. சிதம்பரம் போய்ச் சேரும்போது பதினொன்றே கால். அக்கா கோயிலின் கிழக்குக் கோபுர வாசலில் நின்றாள். வெயில் ஜாஸ்தியாக இருக்கிறதே, சாயங்காலம் வரட்டுமா என்று கேட்டேன். "சாயங்காலம் பந்தக்கால் நடறாங்க. அப்புறம் நான் எங்க வெளிய வர? அரை மணில சுத்திடும், நீ செருப்பப் பாத்துக்க" என்றாள். அந்த நேரம் பார்த்து மார்க் ஐரோப்பாவிலிருந்து கூப்பிட்டான். நான் ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு சன்னதித் தெருவில் ஒரு டீக்கடை நிழலில் ஒதுங்கினேன். விமான நேரம், தங்குமிடம், மெடிக்கலுக்கு முந்தின நாள் என்ன சாப்பிட வேண்டும் என்று முக்கால் மணி நேரம் பேசினான்.

அந்தப் பிரகாரத்தில் உச்சி வெயிலில் எப்படி நடப்பது என்று நம்மூர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். நிழல் கண்ட இடத்தில் நிற்பார்கள், வெயில் கண்ட இடத்தில் ஓடுவார்கள், குதிகாலை வைக்காமல் பாதத்தின் ஓரத்தில் தத்தித் தத்திப் போவார்கள். கயலுக்கு அது தெரியாது. வேண்டுதல் என்றால் ஒழுங்காக, ஒரே சீராக நடக்க வேண்டும் என்று அவளாகவே நினைத்துக்கொண்டிருக்கிறாள். பூட்ஸுக்குள்ளேயே பன்னிரண்டு வருஷம் வளர்ந்த கால். நான் உள்ளே போனபோது மண்டப நிழலில் உட்கார்ந்து காலை நீட்டியிருந்தாள். இரண்டு உள்ளங்காலிலும் கொப்புளம். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தாள். "முடிஞ்சிடுச்சுடா, மூணும் முடிஞ்சிடுச்சு" என்றாள். எனக்கு வந்த கோபத்தில் கோயில் என்றும் பார்க்காமல் கத்தினேன். எதற்கும் திருப்பிப் பேசாமல் விடாத அக்கா அன்று பேசாமல் இருந்தது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

பத்து நாள் கழித்து நெதர்லாந்தில் மெடிக்கல். தோல் உரிந்து கீழே இளஞ்சிவப்பாகப் புதுத் தோல் வந்திருந்தது. மார்க் வாசலிலேயே தாழ்ந்த குரலில், "கடற்கரை மணல் சுட்டுவிட்டது என்று சொல்லுங்கள், போதும்" என்றான். கயல் மறுத்துத் தலையை ஆட்டினாள். "நான் பொய் சொல்ல மாட்டேன்ப்பா. இவங்கதான் என்னோட டாக்டர் ஆகப் போறாங்க." டாக்டருக்கு ஐம்பது வயதிருக்கும், உயரமான பெண்மணி. கயலைத் தரையில் பதித்த ஒரு தகட்டின் மேல் நடக்கவிட்டார். பாதத்தின் எந்த இடத்தில் எவ்வளவு எடை விழுகிறது என்று கணினியில் வண்ண வண்ணமாகத் தெரிந்தது. என் மகளின் பாதத்தை இவ்வளவு அக்கறையாக யாரும் பார்த்ததில்லை, பிரசவம் பார்த்த நர்ஸைத் தவிர. டாக்டர் காலைத் தூக்கி உள்ளங்காலைப் பார்த்தார். கோயிலில் சுடுகல்லில் வெறுங்காலோடு நடந்ததைக் கயல் சொன்னாள். அப்புறம் என்னைப் பார்த்தார்.

பேச்சு ஆங்கிலத்தில் நடந்தது. எனக்கும் அது சொந்த மொழி இல்லை, அவருக்கும் இல்லை.

"யார் இவளை நடக்கச் சொன்னது?"

"என் அக்கா. ஒரு வேண்டுதல். இந்தக் கிளப் கிடைக்க வேண்டுமென்று."

"வேண்டிக்கொண்டது இவளா?"

"இல்லை, அக்கா."

"உங்கள் அக்கா கொடுத்த வாக்குக்கு இவள் ஏன் நடக்க வேண்டும்?"

எனக்கு நாற்பத்தெட்டு வயது. இந்தக் கேள்வியை என்னிடம் ஒருவரும் கேட்டதில்லை, நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை. "எங்கள் குடும்பத்தில் அப்படித்தான்" என்றேன். சொல்லி முடிக்கும்போதே அது எவ்வளவு மோசமாகக் காதில் விழும் என்று தெரிந்துவிட்டது. டாக்டர் பேனாவை மூடினார். "நீங்கள் கொஞ்சம் வெளியே இருங்கள். நான் இவளிடம் தனியாகப் பேச வேண்டும்." குரலில் கடுமை இல்லை. ஆனாலும் பெற்ற மகளைத் துன்புறுத்துகிறவனாக என்னை ஒரு மனுஷி சந்தேகப்படுகிறாள் என்று புரிந்தது. எழுந்து வெளியே வந்தேன்.

வெளியே ஒரு நீளமான தாழ்வாரம். மார்க் சன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டான். "இன்று இவர் ஒத்துக்கொள்ளவில்லையென்றால் கிளப் காத்திருக்காது. டென்மார்க்கில் இன்னொரு பெண் தயாராக இருக்கிறாள்" என்றான். நான் உட்கார்ந்தேன். நினைவெல்லாம் கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்தில் இருந்தது. அங்கே நாங்கள் வெறுங்காலில்தான் ஆடுவோம். எவனாவது பூட்ஸ் போட்டு வந்தால் அவன் பக்கத்திலேயே போக மாட்டோம், மிதித்தால் நகம் போய்விடும். காலில் முள் ஏறினாலும் ஆட்டம் முடிந்துதான் பிடுங்குவோம். பாதியில் நின்றுவிடுபவனை 'பொட்டலம்' என்று கேலி செய்வோம். இதையெல்லாம் வீரக் கதையாகக் கயலுக்குச் சின்ன வயதிலிருந்தே சொல்லியிருக்கிறேன். வலித்தால் நிற்காதே என்று. அந்தக் கல்லில் அவள் நடந்தது அக்காவின் வேண்டுதலால் மட்டும் இல்லை, என் கதையாலும்தான் என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்து நினைத்தேன். சுதாவுக்கு என்ன பதில் சொல்வேன் என்று தெரியவில்லை.

இருபது நிமிஷம் கழித்து கதவு திறந்தது. டாக்டர் என்னை உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

"தோல் ஒரு விஷயமே இல்லை, ஆறிவிடும். ஓட்டப் பரிசோதனையை நாலு நாள் தள்ளிவைக்கிறேன். எனக்குத் தெரிய வேண்டியிருந்தது வேறு. வலியை மறைத்து ஆடுகிறவர்களை நான் எடுக்கச் சொல்ல மாட்டேன். அவர்கள் முழங்காலை உடைத்துக்கொண்ட பிறகுதான் எங்களிடம் வருவார்கள். உங்கள் மகள் வலித்ததும் சொல்லியிருக்கிறாள், நின்றும் இருக்கிறாள். நல்லது."

"நின்றாளா?" என்றேன்.

கயல் தமிழில் சொன்னாள். "நான் ரெண்டு சுத்துதாம்ப்பா சுத்தினேன். ரொம்ப எரியுது அத்தைன்னு சொன்னேன். ஒடனே அவுங்க என்னை நெழல்ல உக்கார வெச்சுட்டு, மூணாவது சுத்து அவுங்களே போனாங்க. என்னை மாதிரியே ஸ்லோவா, ஸ்ட்ரெயிட்டா. ஓடவே இல்ல."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"அத்தை வேணாம்னு சொன்னாங்க. பாப்பா முழுசா சுத்தலன்னா அப்பாவுக்கு மனசுல உறுத்தும்னு."

கோயிலுக்குப் போன மூன்றாம் நாள்தான் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளையின் அம்மாவான அக்கா மேடையில் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. வந்தவர்கள் எல்லாம் கீழே குனிந்துதான் அவள் கையில் மொய்க்கவரைக் கொடுத்தார்கள். "மாமியார் ஆனதும் வளருக்குக் கெத்தப் பாரு" என்று பந்தியில் பேசிக்கொண்டார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். மூன்று நாள் கோபத்தைத் தீர்த்துக்கொள்ள எனக்கும் ஒரு வாய்ப்பு வேண்டியிருந்தது. பட்டுப்புடவைக் கரையைக் கால் தெரியாமல் இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள். மேடையில் வெறுங்காலோடுதான் உட்கார வேண்டும். இப்போது அதை நினைத்தால் எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

டாக்டர் சொன்னபடி நாலு நாள் கழித்துக் கயல் ஓடிக் காட்டினாள், மறுநாள் கையெழுத்துப் போட்டாள். அந்தக் கையோடு வீடியோவில் அக்காவைக் கூப்பிட்டோம். அங்கே விளக்கு வைக்கும் நேரம். செய்தியைக் கேட்டதும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அதான் மூணும் முடிச்சாச்சுல்ல, ஆவாம எங்க போவும்?"

"அக்கா, ஒன் காலக் காட்டு."

முகம் மாறியது. கயலைப் பார்த்து, "சொல்லிட்டியா?" என்றாள். அப்புறம் என்னிடம், "என் கால எந்தக் கிளப்புக்காரன்டா பாக்கப் போறான்? போன வை, அடுப்புல பால் இருக்கு" என்றாள்.

"நான் மொதல்ல காட்டுறேன் அத்தை" என்று கயல் சாக்ஸைக் கழற்றி, கிளப் அலுவலகத்து நாற்காலியில் சாய்ந்து, பாதத்தை ஃபோனுக்கு நேராகத் தூக்கினாள். நம் பக்கத்தில் பெரியவர்கள் முகத்துக்கு நேராகக் காலை நீட்டினால் முதுகில் ஒன்று விழும். அக்காவோ கண்ணைக் கிட்டே கொண்டுவந்து பார்த்தாள். "நல்லா ஆறிட்டுது" என்றாள். பின்னால் யாராவது வருகிறார்களா என்று திரும்பிப் பார்த்தாள். பிறகு ஃபோனைக் கீழே இறக்கினாள்.

திரை முழுக்க அக்காவின் உள்ளங்கால் வந்தது. வெடிப்பு வெடிப்பாக, நடுவில் ஆறாத ஒரு வட்டம், சுற்றிலும் மஞ்சள் அப்பியிருந்தது. மூலையிலிருந்த சின்னக் கட்டத்துக்குள் கயலின் உள்ளங்கால், இளஞ்சிவப்பாக. ஃபோனைப் பிடித்துக்கொண்டு நான் பக்கத்தில் நின்றேன். அந்த மூன்று பேரில் எனக்கு மட்டும்தான் காலில் ஷூ இருந்தது.