நூறைத் தாண்டினால்

என் தும்மல்தான் பெரியம்மாவைக் கொல்லப் போகிறது என்று ஒரு குறுவைச் சாகுபடி முழுக்க நம்பினேன். சிரிக்காதீர்கள். அப்போது எனக்கு ஒன்பது வயது. துணி காயப்போடும் கிளிப்பை மூக்கில் மாட்டிக்கொண்டு ஊர் சுற்றிய ஆள் நான்.

பெரியம்மாவுக்கு மார்பில் புற்றுநோய். மூன்று வாரத்துக்கு ஒருமுறை தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குப் போய் மருந்து ஏற்றிக்கொண்டு வருவார். "இந்த மருந்து நோயோட சேத்து ஒடம்போட எதிர்ப்புச் சக்தியையும் கொறச்சிரும். சளி, இருமல் உள்ளவங்க கிட்ட வரக்கூடாது" என்று டாக்டர் சொல்லியிருந்தார். எங்கள் வீட்டில் சளியின் ஏகபோக உரிமை என்னிடம் இருந்தது.

பெரியம்மாவின் ஏற்பாடுகள் ஒரு போராட்டக் கமிட்டிக்கு உரியவை. குமட்டிய பிறகு மாத்திரை தேடுவதில்லை. மருந்து ஏற்றுவதற்கு முன்பே விழுங்கிவிடுவார். தட்டு நிறையச் சோறு கிடையாது. இரண்டு மணிக்கொரு தரம் காரமில்லாமல் நாலு வாய் குழைந்த சோறு. வாய்ப்புண்ணுக்குக் கொதித்து ஆறிய உப்புத்தண்ணீர். சோப்புப் போட்டுக் கை கழுவாமல் யாரும் அறைக்குள் வர முடியாது. அப்பாவையே இரண்டு தடவை திருப்பி அனுப்பியிருக்கிறார். முடி கொட்டியபோது முக்காடும் போடவில்லை. சாமி கும்பிடாத வீடு எங்களுடையது. எதிர்வீட்டு அம்மாள் அதை மனதில் வைத்துக்கொண்டு, "எந்தக் கோயிலுக்கு வேண்டுதலு?" என்று கேட்டார்.

"ஆஸ்பத்திரிக்கு. அங்க மொட்டைக்குக் காசு வாங்குறதில்ல."

தெர்மாமீட்டர் என் பொறுப்பு. "நூறைத் தாண்டுனா மாத்திரை போட்டு அமுக்கக் கூடாது, ஒடனே ஆஸ்பத்திரி" என்று என்னைத் தினமும் ஒப்பிக்க வைத்தவர் பெரியம்மாவேதான்.

இதற்கிடையில் நிலத் தகராறு. பெரியப்பா இறந்த பிறகு ஒன்றரை ஏக்கர் குத்தகை பெரியம்மா பேரில் பதிவாகியிருந்தது. 'அந்தம்மா படுத்த படுக்கை, நிலத்தை வேறு ஆளுக்கு விட்டுவிட்டது' என்று நிலத்துக்குச் சொந்தக்காரரான பண்ணையார் மனுப் போட்டார். அது உண்மையென்று ஆகிவிட்டால் பதிவு போய்விடும். தாசில்தார் நேரில் வந்து பார்க்க நாள் குறித்தார்கள்.

அன்று காலை பாதரசம் நூற்றொன்றில் நின்றது.

"வாயத் தொறக்காதடா. தாசில்தாரு வந்துட்டுப் போகட்டும், சாயங்காலம் போயிக்கலாம்" என்றார் பெரியம்மா. கட்டிலும் அவரோடு சேர்ந்து நடுங்கியது.

வீரமாகத் தலையாட்டிவிட்டு வெளியே வந்தேன். வீரம் வாசல்வரைதான் தாங்கியது. வயலிலிருந்த அப்பாவிடம் சொல்ல ஓடியவன், வாய்க்கால் பாலத்தில் வந்த ஜீப்பை மறித்து, உள்ளே யாரென்றுகூடப் பார்க்காமல், "பெரியம்மாவுக்குக் காய்ச்சல், செத்துப்போயிருவாங்க!" என்று அலறினேன். உள்ளே தாசில்தார். பக்கத்தில் பண்ணையாரின் காரியஸ்தர். அவர் முகத்தில் தீபாவளி.

ஜீப் வீட்டுக்குத் திரும்பியது. பெரியம்மா தானே ஏறி உட்கார்ந்தார். "ஆஸ்பத்திரிக்குத்தான் போறோம். வயலு வழியிலதான் இருக்கு, நிறுத்துங்க." மொட்டைத் தலை வெயிலில் மின்ன, செருப்புக் காலோடு வரப்பில் நின்றார்.

"செருப்புப் போட்டுக்கிட்டு என்னம்மா வெவசாயம்?" என்றார் காரியஸ்தர்.

"சேத்துல கால வைக்காதன்னு எனக்கு டாக்டர் சொல்லியிருக்காரு. ஒங்க பண்ணையாருக்கு எந்த டாக்டர் சொன்னாரு?"

தாசில்தார் இருமினார், நான் பதறினேன். அவரிடம் என்றைக்கு நடவு, எத்தனை ஆள் களைக்கு, எந்த மடையில் தண்ணீர் என்று பெரியம்மா கடகடவென்று சொன்னார். ஐந்தே நிமிடம். பிறகு ஜீப்பில் சாய்ந்தவர், தஞ்சாவூர் வரை கண் திறக்கவில்லை.

கிருமி வாய்ப்புண் வழியாக ரத்தத்தில் கலந்திருந்ததாம். என் மூக்குக்கு அதில் பங்கில்லை. சாயங்காலம்வரை காத்திருந்தால் பிழைத்திருப்பது சந்தேகம் என்றார் டாக்டர். அது எதுவும் என் காதில் ஏறவில்லை. நிலத்தைக் காட்டிக்கொடுத்துவிட்டேன் என்று அழுதுகொண்டிருந்தேன். வாயை மூடத் தெரிந்த பெரியவர்கள் வீட்டில் மூன்று பேர் இருக்க, ஒரு ரகசியம் ஒரு நிமிடம்கூடத் தங்காத பயந்தாங்கொள்ளியிடம் பெரியம்மா ஏன் தெர்மாமீட்டரைக் கொடுத்தார் என்பது அப்போது எனக்கு விளங்கவில்லை.

நான்காம் நாள் காய்ச்சல் இறங்கியது. தாசில்தார் ஒரே வரி எழுதியிருந்தார்: 'குத்தகைதாரரே நேரில் சாகுபடி செய்கிறார்.'