சீதாலட்சுமி டீச்சர் பேசாத பேச்சு

சீதாலட்சுமி டீச்சருக்கு அவனியாபுரத்தில் வீடு. ஒரு தனியார் பள்ளியில் வரலாறு நடத்துகிறார். வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம். சின்ன வயதில் அவருக்கு ழகரம் வராது. வகுப்பில் செய்யுள் ஒப்பிக்க எழுந்தாலே சிரிப்பு கிளம்பிவிடும். கண்ணாடி முன்னால் நின்று நாக்கை மடித்து மடித்துப் பழகிக்கொண்டார். இன்றைக்கும் 'சோழர்' என்று சொல்லும்போது அந்த எழுத்தில் சற்று நின்றுதான் நகர்வார்.

ஸ்ரீராம்குமார் பார்வையில்லாதவன். கல்லூரித் தேர்வில் அவன் சொல்லச் சொல்ல எழுதிக் கொடுக்கப் போன இடத்தில்தான் பழக்கம். அன்றைக்குத் தேர்வு முடிந்து வெளியே வரும்போது அவன் சொன்னான்: "பரீட்சை எழுதிக் குடுக்க யாராச்சும் கிடைச்சிருவாங்க டீச்சர். பாடத்த வாசிச்சுக் காட்டத்தான் ஆளே இல்ல."

அந்த வாரமே டீச்சர் பாடப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு செல்போனில் வாசித்துப் பதிவு செய்யத் தொடங்கினார். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் காலை வணக்கங்களுக்கு நடுவே பாடம் தொலைந்துபோனது. இணையத்தில் ஏற்றிவைத்தால் அந்தத் தளம் கணக்குத் தொடங்கு, கடவுச்சொல் கொடு என்றது. விளம்பரங்கள் வழியை மறித்தன. திரையில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கும் மென்பொருள் அவற்றுக்குள் மாட்டிக்கொண்டு திணறியது. அதற்கும் ஸ்ரீராம்குமார்தான் வழி கண்டுபிடித்தான். வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு சின்ன சர்வர் மென்பொருளைப் போட்டுவிட்டால் போதும். நாம் காட்டும் ஃபோல்டரை அது ஒரு இணையப் பக்கமாக வெளியே காட்டும்.

"படம் கெடையாது, விளம்பரம் கெடையாது. பாடத்தோட பேரு மட்டும் வரிசையா இருக்கும். தட்டினா எறங்கிரும். எங்களுக்கு அம்புட்டுதான் டீச்சர் வேணும்."

இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் ஹாலில் உட்கார்ந்து அவன் சொல்ல, டீச்சர் மௌஸைப் பிடித்தார். "ஃபைல் பேருல அடிக்கோடு போடாதீங்க டீச்சர். அது எங்களுக்கு 'அண்டர்ஸ்கோர், அண்டர்ஸ்கோர்'னு கத்தும்" என்று அவன் சொல்ல, இருவரும் சிரித்தார்கள். உள்ளே வரும் வழி, பூட்டும் வழி எல்லாம் அவனுக்கும் தெரியும். டீச்சர்தான் தெரிந்திருக்கட்டும் என்று சொன்னார்.

பக்கம் பரவியது. திருமங்கலத்திலிருந்தும் உசிலம்பட்டியிலிருந்தும் பார்வையில்லாத பிள்ளைகள் பாடம் கேட்டார்கள். டி. கல்லுப்பட்டியில் மீனா என்றொரு பெண், போட்டித் தேர்வுக்குப் படிப்பவள், ஒரு பாடம் விடாமல் கேட்பாள். கரண்ட் போனால் போன் வரும்: "டீச்சர், உங்க பக்கம் தொறக்க மாட்டேங்குது." கணவர் ராதாகிருஷ்ணன், "இந்தப் பொட்டி தூங்கவே தூங்காதா?" என்று அலுத்துக்கொள்வார். பிறகு அவரே போய் ஒரு யு.பி.எஸ். வாங்கி வந்தார்.

ஸ்ரீராம்குமாருக்கு வேலை கிடைத்தது. கால் சென்டர் என்று சொல்லி அல்வா கொண்டுவந்து கொடுத்தான். ஆரப்பாளையத்தில் அறை எடுத்துத் தங்கினான். வருவது குறைந்தது; டீச்சரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சித்திரையில் ஒருநாள் டீச்சர் ஷேர் ஆட்டோவில் போய்க்கொண்டிருந்தார். சிக்னலில் பக்கத்தில் ஒரு விளம்பர வேன் வந்து நின்றது. அதன் ஒலிபெருக்கி பேசியது: "டி. கல்லுப்பட்டி மெயின் ரோட்டுக்கு மிக அருகில், நல்ல குடிநீருடன், உங்கள் வாழ்நாள் கனவு..."

அவருடைய குரல். 'வாழ்நாள்' என்பதில் அதே ழகரம், அதே சின்ன நிறுத்தம். தான் ஒருநாளும் சொல்லாத வார்த்தைகளைத் தன் வாயே சொல்லிக்கொண்டு போவதை அவர் கேட்டுக்கொண்டிருந்தார். எதிரே இருந்த அம்மாளிடம் "இது நான் இல்லீங்க" என்று சொல்லவும் செய்தார். அந்த அம்மாள் புரியாமல் விழித்தார்.

பள்ளியில் தலைமையாசிரியை சிரித்தபடி கேட்டார், "என்ன டீச்சர், மனை விக்கிறீங்களாமே?" மாணவர்கள் முதுகுக்குப் பின்னால் 'வாழ்நாள் கனவு' என்று இழுத்தார்கள். மறுபடியும் வகுப்பில் எழுந்து நிற்கும் சிறுமியைப்போல டீச்சருக்கு முகம் எரிந்தது.

முதலில் கூப்பிட்டது ஸ்ரீராம்குமாரைத்தான். அவன் எல்லாவற்றையும் கேட்டான். பிறகு சொன்னான், "கம்ப்யூட்டர்ல குரலை அப்படியே செய்வாங்க டீச்சர். பதிவு இருந்தாப் போதும். நம்ம பக்கத்துல இருந்து யாரோ எடுத்திருக்கணும். யாருன்னு எப்படிக் கண்டுபிடிக்க? பூட்டிருங்க."

டீச்சர் பூட்டினார். கேட்டுக்கொண்டிருந்த முப்பது நாற்பது பேரையும் ஒவ்வொருவராக அழைத்து, "பாடத்த வேற யாருக்காச்சும் குடுத்தியா?" என்று விசாரித்தார். வர்ஷினி என்ற பெண் அழுதேவிட்டாள். "எங்களையா டீச்சர் கேக்குறீங்க?"

மீனாவிடம் கேட்டபோது அவள் வேறு ஒன்று சொன்னாள். "எங்க அப்பா அந்த மனைக்கு அட்வான்ஸ் குடுக்கக் கிளம்பிட்டாரு டீச்சர். உங்க டீச்சரே சொல்றாங்கன்னா நம்பலாம்னாரு. நாந்தான் உங்ககிட்ட கேட்டுட்டுப் போகச் சொன்னேன்." கொஞ்சம் தயங்கினாள். "இப்படிக் குரல் செஞ்சு குடுக்குற கம்பெனியிலதான ஸ்ரீராம் அண்ணன் வேலை பாக்குறாங்க? எங்கிட்ட சொன்னாங்களே. உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

மறுநாள் பள்ளி விட்டதும் டீச்சர் ஆரப்பாளையம் போனார். கதவைத் திறந்தவன் காலடிச் சத்தத்திலேயே ஆளைத் தெரிந்துகொண்டான். உட்காரச் சொல்லவில்லை, கதவைப் பிடித்துக்கொண்டே நின்றான்.

"நீயா குடுத்த?"

"ஆமா டீச்சர்."

"ஏன்?"

"வேலைக்கு வாரவன் என்ன கொண்டு வருவன்னு கேட்டாங்க. என்கிட்ட இருந்தது உங்க குரல்தான். வருஷக்கணக்கா தினமும் கேட்டது. கொஞ்சம் என்னோடதும்தான்னு நெனச்சிட்டேன். மனை விக்கிறதுக்குப் போடுவாங்கன்னு சத்தியமாத் தெரியாது."

"கேட்டிருந்தா குடுத்திருப்பேனோ என்னவோ. அத விடு. நான் போன் பண்ணினப்ப உனக்குத் தெரியும். அந்தப் பிள்ளைக ஒவ்வொண்ணையும் நான் திருடனைக் கேக்குற மாதிரி கேட்டேன். நீ பூட்டுங்கன்னு யோசனை சொன்ன."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். டீச்சர் படியிறங்கிவிட்டார்.

குரல் செய்த கம்பெனிக்குப் போய்க் கேட்டார். மேலாளர், "எம்புட்டோ பேருக்கு ஒரே மாதிரி குரல் இருக்கும்மா" என்று காபி வரவழைத்தார். டீச்சர் அதைத் தொடவில்லை. சைபர் கிரைமில் புகார் கொடுத்தார், விசாரிக்கிறோம் என்றார்கள். வேன் இன்னும் சில வாரங்கள் ஓடியது. பிறகு அதில் ஓர் ஆண்குரல் வந்தது. புகாரினாலா, வேறு எதனாலா என்று யாரும் சொல்லவில்லை.

பக்கத்தைத் திரும்பத் திறக்க டீச்சருக்கு மனம் வர ஒரு மாதம் ஆனது. ஸ்ரீராம்குமாருக்குத் தெரிந்த வழிகளை எல்லாம் ராதாகிருஷ்ணனை உட்கார வைத்து மாற்றினார். பிள்ளைகளை மறுபடி அழைத்து மன்னிப்புக் கேட்டார். பாதிப் பேர் வந்தார்கள். வர்ஷினி, "வேற ஏற்பாடு பண்ணிக்கிட்டேன் டீச்சர்" என்று மரியாதையாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டாள். அது அவரை விளம்பர வேனைவிட அதிகமாக வருத்தியது.

ஆவணியில் மீனா பேசினாள். ஸ்ரீராம்குமார் அந்த வேலையை விட்டுவிட்டானாம். அரசுத் தேர்வு எழுதப் போகிறானாம். புதிதாக வாசித்த பொருளாதாரப் பாடங்கள் வேண்டுமாம்.

"உங்ககிட்ட கேக்க வாய் வரலன்னு அழுதாங்க டீச்சர். நான் என்ன சொல்லட்டும்?"

டீச்சர் சமையலறையில் நின்றுகொண்டிருந்தார். அடுப்பை அணைத்தார்.

"படிக்கிறவனுக்குப் பாடம் இல்லைன்னு சொல்ல என்னால முடியாதும்மா. நீ எறக்கி அவனுக்கு அனுப்பு."

"அப்ப பேசுறீங்களா டீச்சர்? அண்ணனுக்குப் போன் போடவா?"

"வேணாம். பாடத்துல என் குரல் இருக்கு. அவனுக்கு அம்புட்டுப் போதும்."

போனை வைத்துவிட்டு அவர் ஆறிப்போன குழம்பைத் திரும்பச் சுடவைத்தார்.