மகள் அனுப்ப மறுத்த கட்டுரை

2007ஆம் ஆண்டின் கடைசி மாதம். நோர்வேயின் ஒஸ்லோ நகரில், ஹொல்ம்லியா என்ற பகுதியில் குடியிருந்தோம். நான் ஓர் உணவகச் சமையலறையில் வேலை செய்தேன். என் மூத்த மகளுக்கு அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் படிக்க ஆசை. அதற்கான பொதுப் பரீட்சையை எழுதிவிட்டாள். விண்ணப்பத்தோடு தன்னைப் பற்றி ஒரு கட்டுரையும் அனுப்ப வேண்டியிருந்தது.

எனக்கு அந்தக் கட்டுரையை நினைத்துத்தான் பயம். தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்திருந்த ஒரு பொறியாளர் எனக்குப் பழக்கம். ஊரில் போர் நடந்தபோது நான் ஷெல்லடிக்குள் ஓடிய கதையைச் சொல்லி, மகளே எழுதியதுபோல ஆங்கிலத்தில் எழுதித் தரக் கேட்டேன். தயங்கினார், நான் விடவில்லை. எழுதித் தந்தார்.

மகள் அதை இரண்டு தரம் வாசித்தாள்.

"அப்பா, இது உங்கடை கதை. நான் இஞ்சை பிறந்தனான்."

"அது அவைக்குத் தெரியப்போகுதே?"

"சோதினையிலை நான் கையாலை எழுதின கட்டுரையையும் அவை எடுத்துப் பாக்கலாம். ரெண்டையும் பக்கத்திலை வச்சா வேறை ஆள் எண்டு விளங்கிடும்." தாளை என் பக்கம் தள்ளிவிட்டு, "பாக்காட்டிலும் நான் இதை அனுப்பமாட்டன்" என்றாள்.

பிறகு, தானே எழுதி வைத்திருந்த கட்டுரையை எனக்குத் தமிழில் சொன்னாள். அவளுக்கு ஒன்பது வயதாக இருந்தபோது பள்ளியில் பெற்றோர் சந்திப்பு. எனக்கு நோர்வேஜிய மொழி போதாது, அவள்தான் மொழிபெயர்த்தாள். மெதுவாக வாசிக்கும் பிள்ளைகளைப் பார்த்து இவள் சிரிக்கிறாள் என்று ஆசிரியை சொன்னாராம். என்னிடம் அவள் சொன்னது, "நல்லாப் படிக்கிறனாம்." நான் ஆசிரியையின் கையைப் பிடித்து நன்றி சொன்னேனாம். அந்த வெட்கத்தில், மறுநாளே தான் பார்த்துச் சிரித்த ஒரு பிள்ளையின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, வருடம் முழுவதும் அந்தப் பிள்ளையோடு சேர்ந்து வாசித்திருக்கிறாள்.

எனக்கு முகம் சுட்டது. "பொய் சொன்னனான் எண்டு எழுதினா ஆர் உன்னைச் சேர்ப்பினம்?"

"சேர்க்காட்டி இஞ்சை படிக்கிறன், அப்பா."

அதையே அனுப்பினாள். மூன்று மாதம் எனக்கு வேலையில் மனம் நிற்கவில்லை. பிறகு இடம் கிடைத்ததாகக் கடிதம் வந்தது. அடியில் யாரோ பேனாவால் எழுதியிருந்தார்கள். மகள் வாசித்துச் சொன்னாள்: "உங்கள் பரீட்சைக் கட்டுரையையும் இதையும் சேர்த்து வாசித்தோம். இரண்டிலும் ஒரே பெண்ணைச் சந்தித்தோம்."

பொறியாளரிடம் சொன்னபோது அவர் பெருமூச்சு விட்டார். "நல்லவேளை அண்ணே, நான் எழுதுனத அனுப்பல."

இன்றும் ஏதாவது படிவம் நிரப்பும்போது, என்னைப் பற்றிக் கொஞ்சம் கூட்டி எழுத மனம் வந்தால், மகள் எதிரே உட்கார்ந்து அதை இரண்டு தரம் வாசிப்பதாக நினைத்துக்கொள்வேன். கை தானாக நின்றுவிடும்.