ஆடி மாசத்துத் திரைப்பட விழா

திரைப்பட விழா நடத்துகிறவனுக்குப் படம் பார்க்கக் கொடுத்து வைக்காது; அவன் கண்ணெல்லாம் நாற்காலி மேலேயே இருக்கும். நாலு நல்ல படத்தை ஊர் ஜனத்துக்குக் காட்டிவிடலாம் என்று கிளம்பி வயிறெரிந்தவர்கள் யாராவது இருந்தால், இப்படிப் பக்கத்தில் வந்து உட்காருங்கள். நான் விருத்தாசலத்தில் கல்யாண வீடியோ எடுக்கிறவன். இரண்டாயிரமாவது வருஷத்துக்கு அப்புறம் ஒரு பழைய புரொஜெக்டர் கைக்கு வந்தது. வந்ததோடு விட்டதா, இந்தக் கிறுக்கும் சேர்ந்து வந்தது.

மாலை போட்ட பீங்கான்

மண்டபம் கொடுத்தவர் தணிகாசலம். பீங்கான் கம்பெனி முதலாளி, கல்யாண மண்டபமும் அவருடையதுதான். ஆடியில் கல்யாணம் கிடையாது, மண்டபம் சும்மாதான் கிடக்கும், ஒரு ஞாயிற்றுக்கிழமை எடுத்துக்கொள் என்றார். நானும் அப்படியே உருகிப்போய்விட்டேன். விழாவன்று காலையில் போய்ப் பார்த்தால், மேடையில் மாப்பிள்ளை பெண் உட்காருகிற இடத்தில் அவர் கம்பெனியின் வெஸ்டர்ன் கக்கூஸ் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. அதற்கு மாலை வேறு.

தன் முதல் படத்தைத் தூக்கிக்கொண்டு சென்னையிலிருந்து பஸ்ஸில் வந்திருந்த இயக்குநர், சினிமாவில் மௌனத்தின் அழகைப் பற்றி அதன் பக்கத்தில் நின்றுதான் பேசினார். முன் வரிசையில் ஒருத்தர்கூட அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பேச்சு முடியும்வரை அதைக் கொஞ்சம் ஓரமாக நகர்த்தலாமா என்று முதலாளியிடம் கெஞ்சினேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“அவரு படம் ரெண்டு மணி நேரத்துல முடிஞ்சிடும் தம்பி. இது ஆயுசுக்கும் நிக்கும்.”

வசனமில்லாத படம்

ஆடியில் மண்டபம் கிடைக்கும் என்று தெரிந்த இந்த அறிவாளிக்கு, ஆடி ஞாயிற்றுக்கிழமை பக்கத்து மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றுவார்கள் என்று உறைக்கவில்லை பாருங்கள். இரண்டாம் வருஷம் நான் போட்டது வசனமே இல்லாத படம். மலை மேல் ஒருத்தி, தொலைந்துபோன தன் ஆட்டைத் தேடிக்கொண்டு நடக்கிறாள். காற்றுச் சத்தம், காலடிச் சத்தம், அவ்வளவுதான். கோயில் கூம்பு ஸ்பீக்கர் நேராக எங்கள் ஜன்னலைப் பார்த்து அம்மன் பாட்டைக் கொட்டுகிறது. மலையும் கேட்கவில்லை, காற்றும் கேட்கவில்லை.

கூழ் ஊற்றும் வேலை முழுக்கப் பூக்கடை செல்வராணி அக்கா கையில். ஓடிப்போய், சத்தத்தைக் கொஞ்சம் குறைக்க முடியுமா என்று கேட்டேன். என்ன படம் என்று விசாரித்தார். பேச்சே கிடையாது, மௌனம்தான் முக்கியம் என்று விளக்கினேன். கரண்டியைக் கீழே வைக்காமலே சொன்னார்:

“பேச்சே இல்லாத படத்துக்கு எங்க பாட்டு என்னா பண்ணிச்சி? சும்மா ஓடுறதுக்கு இது மேலுதானே.”

ஃபேனுக்குக் கீழே தூங்கியவர்

அன்று சாயங்காலம் முதலாளி எட்டிப் பார்த்தார். உள்ளே நான், என் மச்சான், திட்டக்குடி பஸ்ஸை விட்டுவிட்டு ஃபேனுக்குக் கீழே தூங்கிக்கொண்டிருந்த ஒருத்தர். மற்றதெல்லாம் வெறும் நாற்காலி. முதலாளி போட்ட குண்டில் எனக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை. எனக்கு வேறு இடம் ஏது? வருஷம் முழுக்கத் தாலி கட்டுகிற நேரத்தில் குறுக்கே வந்து நிற்கிறவர்களைத் திட்டியே தொண்டை வற்றுகிறவனுக்கு, அந்த ஒரு நாள்தான் சினிமா. அது போய்விடும் என்று நிஜமாகவே பயந்துவிட்டேன். முதலாளி சொன்னது இதுதான்:

“அடுத்த ஆடிக்கும் நாற்காலி இப்புடியே கெடந்துச்சின்னா, மண்டபத்த எவர்சில்வர் பாத்திரக்காரனுக்கு வுட்டுடுவேன். தள்ளுபடின்னா ஜனம் முட்டிக்கிட்டு வருது.”

கூழ்ப் பானையோடு

மூன்றாம் வருஷம் நல்லூர், கம்மாபுரம் என்று வண்டியில் போய் நோட்டீஸ் கொடுத்தேன். வாங்கினவர்கள் எல்லோரும் கேட்டது ஒன்றுதான், யார் நடிச்சது? வெறுத்துப்போய்விட்டது. போன வருஷம் அம்மன் பாட்டுச் சத்தத்தில் அடிபட்டுப் போன அந்த ஆட்டுப் படத்தையே மறுபடி போட்டேன். மத்தியானம் வரை நாற்காலிதான் படம் பார்த்தது.

திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. கோயில் பந்தல் ஒழுக, செல்வராணி அக்கா கூழ்ப் பானை, முருங்கைக்கீரை, கருவாட்டுக் குழம்பு சகிதம் மொத்தக் கூட்டத்தையும் கூட்டிக்கொண்டு மண்டபத்துக்குள் வந்துவிட்டார். செருப்புச் சத்தம், கருவாட்டு வாசனை. எனக்கு ஆத்திரமான ஆத்திரம். கொஞ்ச நேரத்தில் பார்த்தால் கூட்டத்தின் சத்தம் அடங்கியிருக்கிறது. கூழ்ச் சொம்பைக் கையில் பிடித்தபடி, திரையில் இருக்கிறவளுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பக்கம் போவாதே, பள்ளமா இருக்குது என்று. நானும் அவர்களோடு சேர்ந்து அவளுக்கு வழி சொன்னேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

படம் முடியக் கொஞ்ச நேரம் இருக்கும்போது கரண்ட் போனது. மண்டபத்து ஜெனரேட்டரை, ஆடிதானே என்று, முதலாளி வேறு ஊருக்கு வாடகைக்கு அனுப்பியிருந்தார். தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். இருட்டில் செல்வராணி அக்கா குரல் கோயில் ஆட்களை அதட்டியது:

“மைக் செட்ட நிறுத்திட்டு ஜெனரேட்டர் ஒயர இங்க இழுங்கடா. ஆடு கெடச்சிதா இல்லியான்னு தெரியாம நான் எழுந்திரிக்க மாட்டேன்.”

முதலாளி பார்த்தது

ஆடு கிடைத்தது. மண்டபம் கைதட்டிக்கொண்டிருந்த அந்த நேரம் பார்த்து முதலாளி உள்ளே வந்தார். உட்கார இடமில்லாமல் சுவரோரம் ஜனம் நிற்கிறது. நான் மார்பை நிமிர்த்திக்கொண்டு அவர் பக்கத்தில் போய் நின்றேன். அவர் திரையைப் பார்க்கவே இல்லை. கூட்டத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்துவிட்டு, என் தோளில் கை வைத்தார்.

“ஆடியில இவ்ளோ ஜனம் உள்ள வரும்னு இத்தினி நாளா தெரியாம போச்சே தம்பி. பாத்திரக்காரன நாளைக்கே வரச் சொல்லிடுறேன்.”

அடுத்த ஆடியிலிருந்து எங்கள் விழா கோயில் பந்தலில்தான், பொழுது சாய்ந்து கூழ் ஊற்றி முடித்த பிறகுதான், அதுவும் ஆடு கிடைக்கிற படமாக இருந்தால்தான் என்று செல்வராணி அக்கா கண்டிப்பாகச் சொல்லிவிட்டபடியால், விழா இயக்குநர் என்று பேனரில் பெயர் போட்டுக்கொள்வதைத் தவிர எனக்கு இப்போது வேறு வேலை எதுவும் இல்லை.