மீன் தலையில் எரிந்த அடுப்பு

சயின்ஸ் வாத்தியாரைக் கல்யாணம் செய்துகொண்டவள் எதற்கும் தயாராக இருக்க வேண்டும். எனக்கு அந்தப் புத்தி இல்லை. என் கணவர் மாடியில் பயோகேஸ் டிரம்மைக் கொண்டுவந்து இறக்கியபோது, இறக்கியவர்களுக்குக் காப்பி கொடுத்து வேடிக்கை பார்த்தேன். சமையலறைக் கழிவைப் போட்டால் அழுகி எரிவாயுவாகும். பூமியைத் தோண்டி எடுக்கிற சிலிண்டர் கேஸ் ஒருநாள் தீரும், இது தீரவே தீராது என்றார்.

முதல் வாரமே தீர்ந்தது. வலியசாலை அக்ரஹார வீட்டில் நாங்கள் மூன்றே பேர். என் மாமியார் அளந்து சமைப்பவர். ஒரு பருக்கை மிஞ்சாது. டிரம் பட்டினி கிடந்தது. "எல்லாத்தையும் வழிச்சுச் சாப்பிட்டுட்டா அடுப்புக்கு என்ன மிச்சம்?" என்று என் கணவர் பெற்ற தாயிடமே கேட்டார். நான் அரை வயிற்றோடு ஆபீசுக்குப் போனேன். பற்றிக்கொண்டு வந்தது எனக்கு.

மாடியில் குடியிருந்தவர் நாகர்கோவில்காரர். தம்பானூரில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை, நடந்தே போய்வருவார். மனைவிக்கு ஏழு மாதம். மாடிக்கு மீன் வரக்கூடாது என்ற ஒரே நிபந்தனையில் மாமியார் அவர்களைக் குடிவைத்திருந்தார். நான் அவரிடம் ஹோட்டல் காய்கறிக் கழிவைக் கேட்டேன்.

"காய்த்தோலு அவ்வளவு கெடைக்காதுக்கா. மீன் தலையும் குடலும்தான் நெறைய."

இரண்டு நிமிடம் யோசித்தேன். "போடுங்கோ. யார்ட்டயும் சொல்லாதேங்கோ."

அடுப்பு நின்று எரிந்தது. மாமியார் அதில் சர்க்கரைப் பொங்கல் வைத்துச் சுவாமிக்கு நைவேத்தியம் செய்தார். "என்னமா எரியறது பாரு," என்று மெச்சினார். நான் வாயைத் திறக்காமல் பொங்கலை இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன்.

தெருப் பூனைகள்தான் காட்டிக்கொடுத்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து பூனைகள் டிரம்மைச் சுற்றி உட்கார்ந்திருப்பதைப் பார்த்து மாமியார் மூடியைத் திறந்தார். கீழே வந்து தலைக்குக் குளித்தார். பிறகு சொன்னார்: "மாடியிலே இருக்கறவா இன்னிக்கே காலி பண்ணட்டும்."

ஏழு மாத வயிற்றோடு அந்தப் பெண் வீடு தேடி அலைய வேண்டும், என்னால். "நான்தான் போடச் சொன்னேன்," என்றேன். மாமியார் என் பக்கம் திரும்பவேயில்லை. சிலிண்டரைத் திறக்கப் போனார்.

அந்த நேரம் பார்த்து என் கணவர் பாடம் எடுத்தார். "சிலிண்டர் கேஸும் கடல்ல செத்த ஜந்துக்கள்தாம்மா. கோடிக்கணக்கான வருஷம் மண்ணுக்கடியிலே கெடந்து கேஸாயிருக்கு."

மாமியாரின் கை அப்படியே நின்றது. "அப்போ கரண்ட் அடுப்பு?"

"அது அணைக்கட்டுத் தண்ணியிலேர்ந்து வர்றது."

"அந்தத் தண்ணியிலே மீன் இல்லையோ?"

வெயிலிலேயே சமைத்துவிடலாமா என்று மாமியார் ஜன்னல் வழியாகச் சூரியனைத் தேடினார். மழை பிடித்திருந்தது.

மத்தியானம் வரை வீட்டில் எந்த அடுப்பும் எரியவில்லை. கடைசியில் மாமியார் ஈர முடியை முடிந்துகொண்டு தீர்ப்புச் சொன்னார். "சிலிண்டர் மீன் செத்துக் கோடி வருஷமாச்சு. அதோட தீட்டு எப்பவோ கழிஞ்சுடுத்து. மாடி மீனுக்குத்தான் கழியலை. பத்து நாளாவது ஆகணும்."

"பத்து நாள் தீட்டு பங்காளிக்குத்தானேம்மா?" என்றார் என் கணவர்.

"அடுப்பிலே ஏறினப்புறம் பங்காளியாக்கும்."

மாடிக்காரர் மூட்டைகளைக் கட்டிப் படியடியில் இறக்கியிருந்தார். அன்றைக்கு ஹோட்டலிலிருந்து கொண்டுவந்த மீன் கழிவு வாளியும் கையில் இருந்தது. பின்னால் அவர் மனைவி சுவரைப் பிடித்தபடி நின்றாள்.

"அது என்னிக்குச் செத்தது?" என்று மாமியார் வாளியைக் காட்டிக் கேட்டார்.

"நேத்து விழிஞ்ஞம் கடல்ல பிடிச்ச சாளை மீனு, மாமி."

மாமியார் விரல்விட்டு எண்ணினார். "இன்னும் ஒம்பது நாள் இருக்கு. மேலே கொண்டுபோய் மூடி வை. தீட்டு கழிஞ்சு போடலாம். இனிமே எல்லாத்துக்கும் இந்தக் கணக்குதான்."

அந்தப் பெண் மூட்டை மேலேயே உட்கார்ந்து அழுதாள். நானும் அழுதேன். மூட்டைகள் மாடிக்குத் திரும்பின.

அடுத்த ஒன்பது நாளும் தெருவே மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தது. எங்கள் வீட்டில் மட்டும் யாரும், மாமியார் உட்பட, நாற்றம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.