சம்பந்தி பார்த்த கப்பல்

பாகூரிலிருந்து மருமகள் சுகன்யா போன் செய்தாள். "மாமா, அப்பா போயிட்டாரு." ஒதியம்பட்டிலிருந்து நான் போய்ச் சேர்ந்தபோது சம்பந்தி கலியமூர்த்தியை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள்.

இங்கே கூடியிருக்கும் பாகூர்க்காரர்கள் உங்களுக்கெல்லாம் அவர் நெல் பயிரிட்டவர். எனக்கோ, என் மகன் பிரபு வேலை செய்யும் கப்பலைத் தினமும் கைப்பேசியில் தேடிப் பார்த்தவர். பெற்றவன் நான்; பார்த்தவர் அவர். நிலக்கரியும் கோதுமையும் மூட்டை கட்டாமல் அப்படியே கொட்டி ஏற்றுகிற கப்பல் அது. ஒருமுறை டீக்கடையில், "பையன் கப்பல் புதுச்சேரிக்கே வரப்போவுது" என்று அளந்துகொண்டிருந்தேன். அவர் சிரித்துவிட்டார். "சம்மந்தி, அது இருநூறு மீட்டர் நீளம். அஞ்சு கிடங்கு, நாலு கிரேன். சரக்கு ரொம்பினா பன்னண்டு மீட்டர் ஆழம் வேணும். இங்க வந்தா தரைதட்டி நிக்கும். அப்புறம் நீங்கதான் எறங்கித் தள்ளணும்." கடையே சிரித்தது. நானும் சிரித்தேன்; வேறு வழி?

அன்று பந்தலில் எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: "மாப்ள வருவாரா?" சுகன்யா ஒரே பெண். கொள்ளி வைக்கப் பிரபு வேண்டும். அவனுக்கு அனுப்பிய செய்தி போய்ச் சேரவில்லை. சம்பந்தியின் கைப்பேசியை எடுத்துப் பார்த்தேன். கப்பல் ஓர் அம்புக்குறியாக இலங்கைக்குக் கீழே நின்றது. பெரிய ஆளாக, "இதோ, இங்கதான் இருக்கான். கொழும்புல எறங்கி ஃப்ளைட் புடிச்சிடுவான். நாளைக்கு எடுக்கலாம்" என்றேன். சுருண்டு கிடந்த சுகன்யா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள். அதை நினைத்தால்தான் இன்னும் தலை நிமிரமாட்டேன் என்கிறது.

மறுநாள் மதியம்தான் செய்தி எட்டி, கப்பலின் சாட்டிலைட் போனிலிருந்து பிரபு கூப்பிட்டான். ஆப்பிரிக்கா போகும் வழியில் நடுக்கடலில் இருந்தான். "கரையவிட்டு தூரம் போனா சிக்னல் கெடைக்காதுப்பா. கடைசியா பாத்த எடத்துலயே அம்பு நிக்கும். எத்தினி நாளு முன்னன்னு பக்கத்துலயே போட்டிருக்குமே."

போட்டிருந்தது. நான் படிக்கவில்லை. "அங்கயே நிறுத்தச் சொல்லுடா" என்றேன்.

"கப்பல் இன்னா டவுன் பஸ்ஸாப்பா?" என்று அழுதான்.

சம்பந்தியின் மச்சான் விடவில்லை. "இன்னா சம்மந்தி, கப்பலு வில்லியனூர் பஸ் ஸ்டாண்டு தாண்டிடுச்சா?" வெயிலில் காத்துக்கிடந்த உங்களில் ஒருவரும் சிரிக்கவில்லை. சுகன்யா என்னைத் திட்டவும் இல்லை. "போதும் மாமா. நானே வெக்கிறேன்" என்று கொள்ளிச் சட்டியைக் கையில் எடுத்தாள்.

காரியம் முடிந்தபின் அவள்தான் சொன்னாள். கப்பல் தெரியாத நாட்களில் அவர் மகளுக்குச் சமாதானம் எதுவும் சொல்லமாட்டாராம். "தெரியலம்மா. தெரிஞ்சதும் சொல்றேன்." அவ்வளவுதான். அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது அந்தச் சொல்லைத்தான். நேற்று சுகன்யா, "மாமா, கப்பல் எங்க இருக்கு?" என்றாள். வாய்வரைக்கும் வந்த ஊர்ப்பெயரை விழுங்கிவிட்டு, "தெரியலம்மா" என்றேன். அவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.