ஹீட்டிங் கட்டடத்துக்கு இடம் பார்த்தவர்

ரொக்ஸ்பரோ ரயில் நிலையத்தில், அதைச் சூடாக்கும் பாய்லர் வைக்கிற ஹீட்டிங் கட்டடத்துக்கு இடம் பார்க்க வந்த தமிழ்நாட்டு எஞ்சினியர் அவர். நெடிய, மெலிந்த மனிதர். அடையாள முளை அடிக்குமுன் கையுறையைக் கழற்றி நிலத்தைத் தொட்டுப் பார்ப்பார். என் கணவர் விழுந்து இறந்த இடத்தில், திவசந்தோறும் நான் கற்பூரம் கொளுத்தும் இடத்தில், அன்று நான் கற்பூரத்தோடு போனபோது அவர் குனிந்து தொட்டார்.

“தம்பி, இவ்வளவு பெரிய கனடாவிலை உமக்கு வேறை இடம் கிடைக்கேல்லையோ? இது என்ரை மனுசன் செத்த இடம்.”

அவர் நிமிர்ந்தார். “இன்னொரு இடம் இருக்கும்மா. ஆனா புகை அந்தக் கார்டெரிக்குள்ள, குழந்தைங்க காப்பகத்துக்குள்ள போகும்.”

வேலிக்கு அப்பால் சின்னப் பிள்ளைகள் பனியில் உருண்டு சிரித்தார்கள்.

“அப்ப இதிலையே கட்டும்,” என்றேன்.

“அப்புறம் கற்பூரம் கொளுத்த நீங்க எங்கேம்மா போவீங்க?”

என் பிள்ளைகள்கூட அப்படிக் கேட்டதில்லை. நடந்தேன். திரும்பிப் பார்த்தபோதும் அவர் வேலையைத் தொடங்காமல் நின்றார்.